கடலிலிருந்து கூட்டி வந்தவள்

ஜூலை 12, சனிக்கிழமை.

திரும்பும் டிக்கெட்டைப் பெய்ரூ தவறான தேதிக்கு எடுத்திருந்தாள். ஞாயிறு மாலை என்று நினைத்துக்கொண்டு சனி மாலையை அழுத்தியிருக்கிறாள். பச்சை ரயில் சொந்த ஊரான ஸிபோவை விட்டுக் கிளம்பி, சோளக் கொல்லைகள் ஜன்னலில் ஓடத் தொடங்கிய பிறகுதான் அதைக் கவனித்தாள். கோடை விடுமுறைக் கூட்டம். மாற்றிக்கொள்ள ஓர் இருக்கைகூட இல்லை. இரண்டு நாள் கடல் ஒரே பகலாகச் சுருங்கிவிட்டது.

அம்மா பெட்டி முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள்.

"பகல்ல வேலை, சாயங்காலமானா கணக்குப் படிப்பு. தேதி பாக்க மட்டும் தெரியல," என்று எதிரே இருந்த முன்பின் தெரியாத தம்பதியிடம் சொன்னாள். "இவகிட்ட ஒரு கம்பெனியக் குடுத்தா மொதலாளி ரோட்டுக்கு வந்துருவான்."

அம்மாவுக்கு மெதுவாகப் பேச வராது. பீங்கான் தொழிற்சாலையில், அரவை இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே, கிண்ணங்களுக்கு மெருகுப் பூச்சு ஊற்றிக்கொண்டே அவளுடைய வயது போயிருந்தது. இந்த வசந்தத்தில்தான் ஓய்வு பெற்றாள். இதுவரை கடலைப் பார்த்ததில்லை. தேயிலையில் அவித்த முட்டைகளை உரித்துத் தம்பதிக்கும் கொடுத்தாள், சூரியகாந்தி விதைகளைக் கொறித்துத் தோலை ஒரு காகிதப் பையில் துப்பினாள், இடையிடையே கைப்பேசியை வாய்க்கு முன்னால் பிடித்துக் கத்தினாள். எழுத்து அழுத்த அவளுக்குப் பொறுமை கிடையாது. யாருக்கு என்ன சொல்வதானாலும் குரல் பதிவுதான்.

"ஏ கிழவா, ரயில் கெளம்பிருச்சு. ஃபிரிட்ஜ்ல பூரணம் இருக்கு, மாவு பெசஞ்சு வை. மாத்திரையப் போடு." பிறகு வறண்ட இருமல் ஒன்று. பல வருடத் தூசி தொண்டையில் தங்கிப்போன இருமல். எல்லாப் பதிவும் அந்த இருமலோடுதான் முடியும்.

அப்பாவின் இதயத்தில் போன வருடம்தான் குழாய் வைத்திருந்தார்கள். மாத்திரையை நினைவூட்ட ஆள் வேண்டும்.

சிங்தாவில் இறங்கியபோது கடல் இல்லை. நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான் என்று வரைபடம் சொன்னது. தெருக்களின் சரிவும் காற்றின் பிசுபிசுப்பும் அதையே சொன்னன. ஆனால் தெரு முடிகிற இடத்தில் வெள்ளையாக எதுவோ நின்றது. சுவர் மாதிரி அல்ல, துவைத்துப் பிழியாமல் தொங்கவிட்ட துணி மாதிரி. அதற்குள் எங்கோ ஒரு கப்பல் சங்கு நீளமாக ஊதி அடங்கியது. சிறிது நேரம் கழித்து மறுபடியும் ஊதியது.

"கடல் எங்கடி?" என்றாள் அம்மா.

படிகளில் இறங்கினார்கள். மணல் ஈரமாக, சாம்பல் நிறமாக இருந்தது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து பெண்களின் பேச்சும் தண்ணீர் அடிக்கும் சத்தமும் முதலில் வந்தன. அப்புறம் பெண்கள் வந்தார்கள். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். உச்சந்தலையிலிருந்து கழுத்துவரை இழுத்து மாட்டிய நீச்சல் துணி. கண்களுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் மட்டும் ஓட்டைகள். வெயில் படாமலிருக்கவும் ஜெல்லி மீன் கொட்டாமலிருக்கவும் இந்த ஊர்ப் பெண்கள் போட்டுக்கொள்கிற முகத்துணி. நீலம், பச்சை, ஆரஞ்சு, வரி போட்டது.

அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. படியடியில் காற்று வளையங்களும் நீச்சல் உடைகளும் விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் ஆரஞ்சு நிறத்தில் உடையும் முகத்துணியும் வாங்கி, அவள் பிடித்த போர்வைக்குப் பின்னால் மாற்றிக்கொண்டு வந்தாள். துணிக்கார அம்மாள் பெய்ரூவிடம் சொன்னாள்.

"பனி நாள்ல இங்க ஒரு வழக்கம் இருக்கு பாப்பா. தண்ணியிலேர்ந்து வந்தவங்க மொதல்ல மூஞ்சியக் காட்டணும். அப்புறந்தான் துண்டக் குடுக்கணும்."

"ஏன்?"

"எல்லாருக்கும் ஒரே மூஞ்சியா இருக்குல்ல. போன வருசம் ஒருத்தர் வேற பொம்பளையக் கூட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டாரு."

"அவரு தெரிஞ்சேதான் போயிருப்பாரு," என்றாள் அம்மா ஆரஞ்சுத் துணிக்குள்ளிருந்து.

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். துணிக்கார அம்மாள் சிரிக்கவில்லை. பெய்ரூவின் கையிலிருந்த துண்டைப் பார்த்துவிட்டு, காற்று வளையத்துக்குக் காற்றடிக்கப் போனாள்.

அம்மா தண்ணீரில் இறங்கினாள். முழங்கால் வரை போனதும் குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்புடி! நெஜமாவே உப்பு!"

அந்தச் சத்தத்துக்குக் கடலில் இருந்த பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா அவர்களுக்கு நடுவில் போனாள்.

பெய்ரூ பைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு, பாடப் புத்தகத்தை விரித்தாள். அடுத்த வாரம் தேர்வு. ஆண்டு இறுதிச் சரிக்கட்டுப் பதிவுகள் அவளுக்கு ஒருபோதும் ஒரே தடவையில் சரியாக வராது. ஒரு கணக்கைப் போட்டு, அது சரி என்று தெரிந்தும் அழித்துவிட்டு, இன்னொரு முறை போடுவாள். அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தபோது புத்தகத்தின் தாள் ஈரத்தில் மெத்தென்று ஆகியிருப்பது விரலுக்குத் தெரிந்தது. தலையைத் தூக்கினாள். படிகள் இல்லை. துணிக்கார அம்மாள் இல்லை. அவளைச் சுற்றி ஒரு பாய் அளவு மணல் இருந்தது, அதற்கப்பால் வெள்ளை. பேச்சுச் சத்தமும் சிரிப்பும் நின்றிருந்தன. அலை மட்டும் யாரோ வாய் மூடி மெல்கிற மாதிரி ஒலித்தது.

ரயிலுக்கு நேரம் நெருங்கியிருந்தது.

"அம்மா!"

தண்ணீரோரம் போய்க் கூப்பிட்டாள். பனியில் மங்கலாகத் தெரிந்த தலைகள் ஒரே சமயத்தில் திரும்பின. அது இயல்புதான் என்று நினைத்தாள். அங்கிருந்த எல்லோரும் யாருக்கோ அம்மாதான். கொஞ்சம் தள்ளி, தலைகள் இல்லாத பக்கத்திலிருந்து, ஆரஞ்சு நிறம் ஒன்று எழுந்தது. நடந்து வந்தது. அவள் முன்னால் நின்று இரண்டு கைகளையும் நீட்டியது.

பெய்ரூ துண்டைப் போர்த்தினாள். போர்த்திய பிறகுதான் வழக்கம் நினைவுக்கு வந்தது. அதற்குள் அவள் கைகள் துண்டின் மேலாக அந்தத் தோள்களைத் தேய்த்துக்கொண்டிருந்தன. துண்டுக்குள் உடம்பு மீன் கடைக் கல்லைப் போலக் குளிர்ந்து கிடந்தது.

"இவ்வளவு நேரமா இருப்பே? ரயில் போயிரும். துணியக் கழட்டு, வா."

ஒரு விரல் தொண்டையைத் தொட்டுக் காட்டியது. உப்புத் தண்ணீரை விழுங்கியிருப்பாள், குரல் கட்டிக்கொண்டிருக்கும். பெய்ரூ பையிலிருந்து அம்மாவின் சட்டையையும் கால்சட்டையையும் எடுத்து நனைந்த உடையின் மேலேயே மாட்டிவிட்டாள். காலணியைக் குனிந்து போடும்போது குதிகாலைப் பிடித்து அழுத்த வேண்டியிருந்தது. அழுத்திய இடம் பிசைந்த மாவைப் போல உள்ளே போயிற்று. மேலே வரவில்லை. தண்ணீரில் ஊறியிருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு வாடையும் இருந்தது. கடலின் வாடை அல்ல, சிப்பியைக் கத்தியால் நெம்பித் திறக்கிற அந்தக் கணத்தில் மட்டும் வருகிற வாடை.

படியேறும்போது பின்னால், பனிக்குள், யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். பெய்ரூ திரும்பவில்லை. அம்மாதான் பக்கத்தில் இருக்கிறாளே.

நிலையத்தில் வரிசை நீண்டிருந்தது. தாவ் கூய்லான் என்று அம்மாவின் பெயர் போட்ட அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அம்மா அதை வாங்கி முகத்துணியின் கண்களுக்கு வெகு அருகில் பிடித்துக்கொண்டாள். வரிசை நகர நகர, அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அதிலிருந்த படம் பெய்ரூ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாட்களில் எடுத்தது. காதுக்குப் பின்னால் ஒதுக்கிய கருப்பு முடி, இறுகிய உதடு, நேர்ப் பார்வை. பழைய முகத்தைப் பார்த்து ரசிக்கிறாள் என்று பெய்ரூ நினைத்தாள். இப்படியெல்லாம் ரசிக்கிறவள் அல்லவே என்றும் நினைத்தாள்.

கதவு இயந்திரத்துக்கு முன்னால் முகத்தைக் காட்டியே தீர வேண்டும். பெய்ரூ பின்னால் நின்றாள். அம்மா அட்டையை வைத்து, இரண்டு கையாலும் முகத்துணியை மேலே தூக்கினாள். ஈரம் பிரிகிற சத்தம் கேட்டது. கதவு உடனே திறந்தது. பெய்ரூவுக்குத் திறப்பதைவிட வேகமாக. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆயிரம் பேருக்கு நடுவில் ஆளைக் கண்டுபிடிக்கிற இயந்திரம். அதற்கு இருக்கிற நிச்சயம் தனக்கு ஏன் இல்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு உள்ளே போனபோது, அம்மா முகத்துணியைத் திரும்ப இறக்கிவிட்டிருந்தாள்.

ரயிலில் ஜன்னல் இருக்கை. எதிரே காவ்மிக்குப் போகிற ஒருவர், காலடியில் உயிர்ச் சிப்பிகள் நிறைந்த பிளாஸ்டிக் வாளியோடு. உப்புத் தண்ணீரில் கிடந்த சிப்பிகள் நாக்கை நீட்டி, சின்னச் சின்னதாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தன. ப்ஸ், ப்ஸ் என்று அந்தச் சத்தம் கேட்கக்கூட நன்றாக இருந்தது.

"பெரியம்மாவுக்கு ஊர் ஃபேஷன் புடிச்சுப் போச்சு போல," என்று அவர் முகத்துணியைப் பார்த்துச் சிரித்தார்.

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். கழுத்தை அல்ல. தோள், மார்பு, முழங்கால் எல்லாமாக, இருக்கையிலேயே உடம்பு முழுவதையும் திருப்பி அவரை நேருக்கு நேர் பார்த்தாள். அவருடைய சிரிப்பு மெல்ல நின்றது. சிப்பிகளின் சத்தமும் நின்றது. குனிந்து வாளியைப் பார்த்தவர், என்ன இது என்று முணுமுணுத்தார். எல்லாச் சிப்பியும் வாய் பிளந்து கிடந்தன. வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார். அவருடைய ஊருக்கு இன்னும் வெகு தூரம் இருந்தது.

அம்மா கையை நீட்டினாள். என்ன வேண்டும் என்று புரியப் பெய்ரூவுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கைப்பேசி. பையிலிருந்த அம்மாவின் கைப்பேசியை எடுத்துக் கொடுத்தாள். பூட்டு கிடையாது. அம்மா அதைக் காதோடு வைத்துக்கொண்டாள். அம்மாவின் குரல் சின்னதாக வெளியே கசிந்தது.

ஏ கிழவா, ரயில் கெளம்பிருச்சு. இருமல்.

மறுபடியும் அதே. ஏ கிழவா. இருமல். பிறகு தோழிகளுக்கு அனுப்பியவை: வெங்காயத் தாள் விலையைப் பற்றி, யாருடைய மருமகளோ பேசாததைப் பற்றி, முட்டி வலிக்கு ஒட்டுகிற பட்டையைப் பற்றி. ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப. வெளியே வயல்கள் இருட்டிக்கொண்டு வந்தன. ஜன்னல் கண்ணாடியில் ஆரஞ்சுத் தலை தெரிந்தது, அதன் வாய் ஓட்டையில் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. முதலில் கூழைப் போலத் தளர்ந்து. கொஞ்சம் கொஞ்சமாக வடிவம் பெற்று.

சட்டை ஓரத்திலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மாலை முழுவதும் சொட்டியும் தீரவில்லை.

பெய்ரூவின் கைப்பேசி அடித்தது. அப்பா.

யாரோ ஒருத்தி ஏதோ எண்ணிலிருந்து கூப்பிட்டு, நீ அவளைக் கடற்கரையில் விட்டுவிட்டுப் போய்விட்டாய் என்று அழுகிறாள் என்றார். அம்மாவின் குரல் மாதிரியே இருந்ததாம். நனைந்த துணியோடு படியில் உட்கார்ந்திருக்கிறாளாம். துணி விற்கிறவள் தன் போனைக் கொடுத்தாளாம்.

"உங்கம்மா எங்க? போனக் குடு அவகிட்ட."

பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது. ஈரமான விரல்கள் அவள் கையிலிருந்து கைப்பேசியை எடுத்துக்கொண்டன.

"ஏ கிழவா," என்றது.

அம்மாவின் குரல். அம்மாவேதான்.

"மாவு பெசஞ்சு வை. மாத்திரையப் போடு." வறண்ட இருமல் ஒன்று. அதே இடத்தில். அதே நீளத்தில்.

அப்பா சிரிப்பது கேட்டது. கைப்பேசி திரும்பி வந்தபோது அவர் பெருமையாகப் பேசினார். நல்ல காலம், ஏமாறவில்லை. குடியிருப்புக் கமிட்டி வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதே: மகள் ஆபத்தில் இருக்கிறாள், மனைவி ஆபத்தில் இருக்கிறாள் என்று கூப்பிட்டால் நம்பாதே, உடனே துண்டித்துவிடு என்று. துண்டித்துவிட்டாராம். அந்த எண்ணைத் தடுத்தும் வைத்துவிட்டாராம்.

பெய்ரூ எழுந்தாள். இரண்டு பெட்டிகளுக்கு இடையிலான இடத்துக்குப் போய், சக்கரங்களின் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, அப்பாவைத் திரும்பக் கூப்பிட்டாள். அந்த எண்ணைச் சொல்லும்படி கெஞ்சினாள்.

"நீயும் ஏமாறப் போறியா? அழிச்சிட்டேன். பக்கத்துல உக்காந்திருக்கிறவள விட்டுட்டு எவளையோ தேடறா பாரு."

வண்டியின் பொறுப்புப் பெண் தரையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பெய்ரூ அவளிடம் சொன்னாள். சொல்லச் சொல்ல, தான் பேசுவது தனக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. அந்தப் பெண் பெட்டிக்குள் போனாள். அட்டையை வாங்கினாள். முகத்துணியைத் தூக்கச் சொன்னாள். இருக்கை வரிசையின் நடுவே நின்ற பெய்ரூவுக்கு அவளுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. பார்க்க வேண்டும் என்று கழுத்தை நீட்டினாள். கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

"அச்சு அசல் போட்டோ மாதிரியே இருக்காங்க," என்று அந்தப் பெண் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். "பெத்த தாய் ஒரு முகத்துணி போட்டதுக்கு இவ்வளவு வெக்கமாம்மா உனக்கு?"

பாதி வழியில், வெய்ஃபாங் நிலையத்தில் வண்டி நின்றது. பெய்ரூ கதவுக்கு ஓடினாள். இறங்கினால் எதிர்த் திசையில் ஏதாவது வண்டி கிடைக்கும், படியில் நனைந்து உட்கார்ந்திருப்பவளிடம் போய்விடலாம். ஒரு கால் நடைமேடையில் இருந்தது. வெளியிலிருந்து ஜன்னலைப் பார்த்தாள். அது இருக்கையில் அசையாமல் இருந்தது. கையில் அம்மாவின் கைப்பேசி. திரையில் அப்பாவின் படம். ஈர விரல் ஒன்று அப்பாவின் நெற்றியை, மூக்கை, உதட்டைத் தடவிக்கொண்டிருந்தது. பொறுமையாக. வழி படிப்பதைப் போல.

தான் இறங்கினாலும் அது இறங்காது. வீட்டில் அப்பா தனியாக மாவு பிசைந்து வைத்திருப்பார்.

பெய்ரூ திரும்ப ஏறினாள். கதவு மூடியது.

வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது. அப்பா மாவுக் கையோடு கதவைத் திறந்தார். உள்ளே வந்ததும் அது முகத்துணியைக் கழற்றி மேசைமேல் வைத்தது. அப்பா வாயைப் பிளந்தார். கடல் தண்ணீருக்கு இவ்வளவு சக்தியா, பத்து வயது குறைந்துவிட்டதே என்று சுற்றிச் சுற்றி வந்தார். அவர் சுற்றும்போதெல்லாம் அதுவும் கூடவே திரும்பியது. எப்போதும் அவருக்கு நேர் எதிரே.

பெய்ரூ பார்த்தாள். காதுக்குப் பின்னால் ஒதுக்கிய கருப்பு முடி. இறுகிய உதடு. நேர்ப் பார்வை. அம்மாவின் நெற்றியில் சூளை வெப்பம் போட்ட கோடுகள் இல்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணோரம் விழுந்த சுருக்கம் ஒன்றுகூட இல்லை.

அட்டைப் படத்தின் முகம்.

அதைத் தானேதான் எடுத்துக் கொடுத்தாள். துண்டை, சட்டையை, அட்டையை, குரலை. ஒவ்வொன்றாக.

"வெங்காயத் தாள் என்ன விலை விக்குது தெரியுமா?" என்றது அப்பாவிடம். இருமியது.

"அதுக்கு இப்ப என்ன?" என்று அப்பா சிரித்தார்.

அன்றிரவு அது அப்பாவின் அறைக்குப் போனது. பெய்ரூ கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அப்பாவின் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். குறட்டை இருக்கும்வரை அவர் இருக்கிறார். கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வந்து அவள் பாவாடையை நனைத்தது.

ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை.

மாதம் ஒரு முறை அம்மா அப்பாவுக்கு முடி வெட்டுவாள். மதியம், சமையலறையில், ஜன்னல் வெளிச்சத்தில். அப்பாவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கழுத்தில் ஒரு விரிப்பைக் கட்டிக்கொண்டு கூப்பிட்டார். அது போய் அவருக்குப் பின்னால் நின்றது. கத்தரிக்கோலை எடுத்தது. வெளிச்சம் நிறைய இருந்தது. தெருவில் தர்பூசணி விற்கிறவரின் ஒலிபெருக்கி கேட்டது. பெய்ரூ வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். சிங்தாவுக்கு நின்றபடி போக ஒரு டிக்கெட் கிடைத்திருந்தது. அப்பாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஓடிவிடலாம் என்று காலையிலிருந்து ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தாள். ஒன்றைக் கண்டுபிடிப்பாள், இது எடுபடாது என்று விட்டுவிடுவாள். இன்னொன்றைத் தேடுவாள்.

கைப்பேசி அடித்தது. கடல் நகரத்து எண். ஒரு காவலர்.

நிதானமாக, களைப்பாகப் பேசினார். நேற்று மாலை கடற்கரையில் ஓர் அம்மாள் கிடைத்திருக்கிறார், பெயர் தாவ் கூய்லான் என்கிறார், அடையாள எண்ணைக்கூட மனப்பாடமாகச் சொல்கிறார். ஆனால் அந்த எண்ணுக்குரியவர் நேற்றே ரயிலேறி ஸிபோவில் இறங்கிவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது. முகமும் சரிபார்க்கப்பட்டிருக்கிறது. உங்கள் கைப்பேசி எண்ணையும் இந்த அம்மாளால் தர முடிந்தது, அதனால்தான் கேட்கிறேன் என்றார்.

"ஒரு நிமிசம் பேசறீங்களா? ரொம்ப அழுவுறாங்க."

பேசவா என்று யோசிப்பதற்குள் குரல் வந்துவிட்டது. கத்திக் கத்தித் தேய்ந்த குரல்.

"பெய்ரூ? சாப்பிட்டியாடி? நான் திட்ட மாட்டேன். ஒரு வார்த்த திட்ட மாட்டேன். வந்து கூட்டிட்டுப் போ."

சமையலறையில் கத்தரிக்கோல் நின்றது.

அப்பா கண்ணை மூடியிருந்தார். முடி வெட்டும்போது அவருக்குத் தூக்கம் வந்துவிடும். அவர் தலைக்கு மேலே அந்த முகம் பெய்ரூவைப் பார்த்தது. நேராக. இமைக்காமல். கத்தரிக்கோலின் ஒரு முனை அப்பாவின் காதுக்குக் கீழே இருந்தது. தோல் துடிக்கிற இடத்தில். அழுத்தவில்லை. வைத்திருந்தது, அவ்வளவுதான்.

"சொல்லுங்க," என்றார் காவலர். "உங்கம்மா இப்ப எங்க இருக்காங்க?"

பின்னணியில் அம்மா இருமினாள். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வருகிற இருமல். நீளமாக. பிறகு சின்னதாக.

முனை அசைந்தது. அப்பாவின் கழுத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

"எங்கம்மா," என்றாள் பெய்ரூ.

கத்தரிக்கோலின் முனையையே பார்த்தாள்.

"எங்கம்மா வீட்டுலதான் இருக்காங்க."

காவலர் பெருமூச்சு விட்டார். அப்படியென்றால் இந்த அம்மாளைப் பெயர் தெரியாதவர் என்று எழுதி ஆதரவற்றோர் விடுதிக்கு அனுப்பிவிடுவோம் என்றார். அம்மாவும் மகளுமாக உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்குப் போய் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அத்துடன் முடிந்தது. அவர் துண்டிப்பதற்கு முன் பின்னால் யாரோ, அது எம் பொண்ணுதான், அவ குரல்தான், எனக்குத் தெரியாதா என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கத்தரிக்கோல் மறுபடியும் சத்தமிடத் தொடங்கியது. நறுக், நறுக். அப்பா தூக்கத்தில் புன்னகைத்தார். அவர் காதோரம் ஒட்டியிருந்த முடியை ஊதிவிட அது குனிந்து, முதல் முறையாக, உடம்பைத் திருப்பாமல் தலையை மட்டும் பெய்ரூவிடமிருந்து திருப்பியது.

பக்கவாட்டில் எதுவும் இல்லை.

மூக்கு இல்லை. கன்னம் இல்லை. காது இல்லை. ஒரு கோடு. அட்டையின் விளிம்பைப் போல மெல்லிய, ஈரமான ஒரு கோடு. அதற்கு இந்தப் பக்கம் ஜன்னல், அந்தப் பக்கம் அப்பாவின் காது. நடுவில், எங்கிருந்தோ, காற்று ஊதியது. முடி பறந்தது.

நாளை: காலையில் அலுவலகம் திறந்ததும் இருவரும் காவல் நிலையத்துக்குப் போய், கடற்கரையில் கிடைத்த பெண் எங்களுக்கு யாரும் இல்லை என்று கையெழுத்திட வேண்டும்.